ஊர்க் கனவும் மன்றத் தீர்மானமும்

சங்கரன்கோவில் போன்ற நகராட்சிகளில் குடிமக்கள் தொலைநோக்குத் திட்டம் வகுப்பதற்கான உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

தொலைநோக்குத் திட்டமிடல் என்பது, ஓர் ஊர் பத்து அல்லது இருபது ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அவ்வூர் மக்களே கூடிப் பேசி, முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி, அந்நிலையை அடைவதற்கு ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணிகளை உள்ளாட்சி அமைப்போடு சேர்ந்து வரையறுக்கும் முறையாகும். கோரிக்கை மனுவும் இதுவும் ஒன்றல்ல. மனு இன்றைய குறை ஒன்றைச் சொல்லி அதற்குப் பரிகாரம் கேட்கிறது. தொலைநோக்குத் திட்டமோ பல தெருக்களின் தேவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கிடைக்கும் பணத்தில் எது முதலில், எது பின்னர் என்று ஊரே முடிவு செய்ய வேண்டிய கடினமான பொறுப்பை மக்கள் மீது வைக்கிறது. தமிழ்நாட்டின் நகராட்சிகளில் இப்பொறுப்பை ஏற்பதற்கான மேடை 2022 முதல் சட்டப்படி அமைந்திருக்கிறது. ஆயினும் மக்கள் தயாரிக்கும் ஆவணத்துக்குத் தானாக எந்தச் சட்ட வலிமையும் கிடையாது என்பதையும், நகர்மன்றத் தீர்மானத்திலும் வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெற்ற பின்னரே அது நகராட்சி நிர்வாகத்தின் பணியாக மாறுகிறது என்பதையும் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டால், பின்னர் வரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஊரின் இயல்பு

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில், 30 வார்டுகள் கொண்ட நகராட்சி. சிவனும் திருமாலும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணர் கோயிலையும், கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவையும் கொண்டு வெளியூரார் இவ்வூரை அறிகின்றனர். உள்ளூரார் அதே ஊரை விசைத்தறிகளின் ஓசையாலும், விடியலில் கூடும் பூ மார்க்கெட்டாலும், சுற்றுவட்டக் கிராமத்தார் வந்து செல்லும் சந்தைகளாலும் அறிகின்றனர். கோயில் நகரம், நெசவு நகரம், வேளாண் விளைபொருள் கூடும் நகரம் என்னும் மூன்று இயல்புகளும் ஒரே தெருக்களைப் பங்குபோட்டுக்கொள்வதால், ஒரு தரப்பாருக்கு வளர்ச்சியாகத் தெரிவது மற்றொரு தரப்பாருக்கு இடையூறாகத் தெரிவது இயல்பு. ரத வீதிகளை அகலப்படுத்துவது பக்தர்களுக்கு வசதி என்றால், அதே வீதியோரத்தில் பூவும் பழமும் விற்போருக்கு அது வாழ்வாதாரக் கேள்வி. வீட்டோடு சேர்ந்த தறிக்கூடம் நெசவாளருக்குப் பிழைப்பு என்றால், அடுத்த வீட்டாருக்கு அது இரவு முழுவதும் ஓயாத ஓசை. இத்தகைய முரண்களை அலுவலகக் கோப்பு தீர்ப்பதில்லை. இரு தரப்பாரும் ஒரே இடத்தில் அமர்ந்து விட்டுக்கொடுப்பின் எல்லையைப் பேசும்போதே தீர்வுக்கு வழி பிறக்கிறது. தொலைநோக்குத் திட்டமிடலின் முதன்மையான பயன் இதுவே.

சட்டம் தரும் இடம்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நகராட்சிகளை அரசியலமைப்பு அங்கீகாரம் பெற்ற ஆட்சி அமைப்புகளாக்கியது. அதனோடு சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. நகரமைப்பு, நில உபயோகத்தை ஒழுங்குபடுத்தல், பொருளாதார சமூக மேம்பாட்டுக்கான திட்டமிடல் ஆகியவை அப்பட்டியலின் முதல் மூன்று இடங்களில் நிற்கின்றன. ஆனால் மக்கள் நேரடியாகப் பங்கேற்பதைப் பொறுத்தவரை, கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கிராம சபை அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது; நகரங்களுக்கோ 243-எஸ் உறுப்பு, மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் மட்டுமே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்குகிறது. சங்கரன்கோவில் அந்த வரம்புக்கு மிகக் கீழே இருப்பதால், இவ்வூர் மக்களின் கூடிப் பேசும் உரிமை மாநிலச் சட்டத்தையே முழுமையாகச் சார்ந்திருக்கிறது.

அந்த மாநிலச் சட்டத்தின் வரலாறும் நேரானதன்று. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டு, நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்து, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 2022-ல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தை ஒட்டி மாநிலத்தின் நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். பகுதி சபை என்பது ஒரு வார்டின் குறிப்பிட்ட பகுதியில் வாழும் வாக்காளர்கள் அனைவரும் உறுப்பினராக உள்ள அவை. வார்டு குழு என்பது நகர்மன்ற உறுப்பினரைத் தலைவராகவும், பகுதிகளின் பிரதிநிதிகளை உறுப்பினர்களாகவும் கொண்ட அமைப்பு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் பகுதி சபையில் பேசலாம் என்பதும், அவரை யாரும் அழைக்க வேண்டியதில்லை என்பதும், கட்சிச் சார்போ சங்க உறுப்பினர் அட்டையோ அதற்குத் தேவையில்லை என்பதும் அடிப்படை உரிமையாகக் கொள்ளத்தக்கவை.

இவற்றோடு தொடர்புடைய வேறு உரிமைகளும் உள்ளன. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி ஒரு நகருக்கான முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலம் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எது நீர்நிலைக்கு என்று வகுக்கும் திட்டம், வரைவு நிலையில் வெளியிடப்பட்டு, ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் கேட்கப்பட வேண்டும். தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014, வியாபாரக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதத்தினர் தெருவோர வியாபாரிகள் தம்முள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்றும், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் அகற்றக் கூடாது என்றும் கூறுகிறது. 243-இசட்டி உறுப்பின்படி அமைய வேண்டிய மாவட்டத் திட்டக் குழு, ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரிக்கும் திட்டங்களை ஒருங்கிணைத்து மாவட்ட வளர்ச்சித் திட்ட வரைவை உருவாக்க வேண்டும். அக்குழுவில் ஐந்தில் நான்கு பங்கினராவது மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு நகர மக்கள் வகுக்கும் திட்டம் நகராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. மாவட்டத் திட்டம் வரை செல்வதற்கான பாதை அரசியலமைப்பிலேயே போடப்பட்டிருக்கிறது.

எது யாருடையது

பகுதி சபைகளில் எழும் கோரிக்கைகள் பல பயனற்றுப் போவதற்குக் காரணம், அவை தவறான கதவைத் தட்டுவதே. ஒரே தெருவில் நிற்கும் பொருள்களுக்குப் பல உரிமையாளர்கள் இருக்கின்றனர். தெருச்சாலை, தெருவிளக்கு, குப்பை அகற்றல், கழிவுநீர் வாய்க்கால், நகராட்சிச் சந்தை, பூங்கா ஆகியவை நகராட்சியின் பொறுப்பில் இருக்கும்போது, ஊரை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. கோயிலும் அதன் நிலமும் தெப்பமும் இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்பட்டவை. தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தலைமைப் பணிகள் குடிநீர் வடிகால் வாரியத்தைச் சேர்ந்தவை. பாசனக் கண்மாய்கள் நீர்வளத் துறையின் கணக்கில் வரலாம். எனவே திட்டம் வகுப்போர் ஒவ்வொரு கோரிக்கையையும் மூன்று தட்டுகளாகப் பிரித்துக்கொள்வது நலம்: நகராட்சி தன் பணத்தில் தானே செய்யக்கூடியவை, மாநில அல்லது மத்தியத் திட்ட நிதியைப் பெற்றுச் செய்யக்கூடியவை, பிற துறையிடம் நகர்மன்றம் தீர்மானத்தின் வழியாகக் கேட்க வேண்டியவை.

பணத்தின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழு 2021–26 காலத்தில் சிறிய நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுண்டது. எஞ்சிய 40 சதவீதமே உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடத்தக்கதாக இருந்தது. இவ்வாறு எந்தப் பணம் கட்டுண்டது, எது கட்டற்றது என்று தெரியாமல் வகுக்கப்படும் திட்டம், சமையலறையில் என்ன இருக்கிறது என்று பாராமல் போட்ட விருந்துப் பட்டியலாகிவிடும்.

முன்னோடிகளிடம் கற்க வேண்டியவை

குடிமக்களே ஊரின் எதிர்காலத்தை வகுக்கும் முறை உலகெங்கும் பல வடிவங்களில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், தொழில் நசிவாலும் காற்று மாசாலும் தளர்ந்திருந்த சட்டனூகா நகரம், 1984-ல் 1,700-க்கும் மேற்பட்ட மக்களைப் பல மாதங்கள் கூட்டிப் பேசவைத்து, 2000-ஆம் ஆண்டை நோக்கிய 40 இலக்குகளை வகுத்தது. அந்நாட்டின் ஒரிகன் மாநிலத்தில் வளர்ந்த முறையோ, நாம் இப்போது எங்கே நிற்கிறோம், இப்படியே போனால் எங்கே போய்ச் சேர்வோம், எங்கே போய்ச் சேர விரும்புகிறோம், அங்கே செல்வது எப்படி என்னும் நான்கு கேள்விகளின் வரிசையாக இப்பணியை எளிமைப்படுத்தியது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதியையே மக்கள் அவைகளின் முடிவுக்கு விட்டது. இந்தியாவில் புனே மாநகராட்சி 2006-ல், வார்டு அளவிலான சிறு பணிகளை மக்கள் பரிந்துரைக்கும் முறையைத் தொடங்கியது.

சங்கரன்கோவிலிலிருந்து மலையைக் கடந்தால் எட்டிவிடும் கேரளத்தின் அனுபவமே இவற்றுள் மிகப் பெரியது. 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளின் முடிவுக்கு விட்டது. கிராம சபைகளில் தேவைகள் பேசப்பட்டன. அவற்றை ஊரின் வரலாற்றோடும் வளங்களோடும் சேர்த்து வளர்ச்சி அறிக்கைகள் எழுதப்பட்டன. வளர்ச்சிக் கருத்தரங்குகளில் அவை விவாதிக்கப்பட்டன. துறைவாரியான பணிக்குழுக்கள் அவற்றைச் செலவு மதிப்பீட்டோடு கூடிய திட்டங்களாக மாற்றின. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அலுவலர்களும் தொழில்நுட்பத் தன்னார்வலர்களாகத் திட்டங்களைச் சரிபார்த்தனர். இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. பணம் முதலில் உறுதியாக இருந்ததாலேயே மக்கள் கூட்டங்களுக்கு வந்தனர் என்பது ஒன்று. பேச்சுக்கும் பணிக்கும் இடையே, கோரிக்கையை மதிப்பீடாக மாற்றத் தெரிந்த ஒரு குழு தேவை என்பது மற்றொன்று.

தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஆலந்தூர். பின்னாளில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இந்நகராட்சி, 1990-களின் பிற்பகுதியில், நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதியின் காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காகக் குடியிருப்போர் நலச் சங்கங்களையும் வார்டு மக்களையும் தொடர்ந்து சந்தித்து, வீட்டிணைப்புக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் முன்வைப்புத் தொகையாக மக்களே செலுத்தும் ஏற்பாட்டுக்கு இசைவு பெற்றது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உள்ளிட்ட வழிகளில் மீதிப் பணம் திரட்டப்பட்டது. தாங்கள் செலுத்தும் பணம் எங்கே போகிறது, பணி எந்த நிலையில் இருக்கிறது என்னும் விவரங்கள் தெரிந்திருந்தால், வரி உயர்வுக்கு எதிராகக் குரல் கொடுக்கும் அதே மக்கள் தம் ஊருக்காகப் பணம் தரவும் முன்வருவர் என்பதை ஆலந்தூர் காட்டியது.

ஆண்டின் சுழற்சியோடு பொருந்தும் ஒழுங்கு

பகுதி சபைகள் ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாள்களில் கூட வேண்டும் என்று வகுக்கப்பட்டிருப்பது, தேசிய வாக்காளர் தினம், அம்பேத்கர் பிறந்த நாள், அண்ணா பிறந்த நாள், மனித உரிமைகள் தினம் ஆகியவற்றை நினைவுகூர்வதற்காக மட்டுமே எனத் தோன்றலாம். ஆனால் நகராட்சியின் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குவதை அந்நாள்களோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு முழுமையான திட்டச் சுழற்சி அவற்றில் அடங்கியிருப்பது தெரியும்.

செப்டம்பர் 15 தேவைகளைத் தொகுக்கும் கூட்டமாக அமையலாம். ஆடித்தபசு முடிந்து சில வாரங்களே ஆகியிருக்கும் அந்நேரத்தில், பெருங்கூட்டத்தை ஊர் எவ்வாறு தாங்கியது, கழிப்பறை எங்கே போதவில்லை, எந்த வாய்க்கால் நிரம்பி வழிந்தது, எத்தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை என்பன மக்கள் மனத்தில் தெளிவாக இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்பே, ஒவ்வொரு பகுதியிலும் தன்னார்வலர் சிலர் தெருவாரியாக நடந்து, குழாயில் நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை விளக்கு எரியவில்லை, மழைநீர் எங்கே தேங்குகிறது என்பவற்றை வரைபடத்தில் குறித்துவைத்திருந்தால், கூட்டம் புலம்பலாக முடியாமல் தரவோடு தொடங்கும்.

டிசம்பர் 10 தேர்ந்தெடுக்கும் கூட்டமாக அமையலாம். அதற்குள் கோரிக்கைகள் மேற்சொன்ன மூன்று தட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தோராயச் செலவு கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். நகராட்சிப் பொறியியல் பிரிவின் உதவியைக் கேட்பதும், ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் பாலிடெக்னிக் ஆசிரியர்களையும் நாடுவதும் இக்கட்டத்துக்கு உரியவை. செலவு தெரிந்த பின்னரே முன்னுரிமை உண்மையானதாகிறது. எல்லாவற்றையும் கேட்கும் பட்டியலைத் தரும்போது, அதிலிருந்து வசதியானதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை மக்கள் அதிகாரிகளிடம் விட்டுவிடுகின்றனர்.

ஜனவரி 25 ஒப்படைக்கும் கூட்டமாக அமையலாம். பகுதி சபைகளின் முன்னுரிமைகளை வார்டு குழு தொகுத்து, நகர்மன்ற உறுப்பினரின் கையொப்பத்தோடு நகராட்சி ஆணையருக்கு அனுப்பி, வரவு செலவுத் திட்டத்துக்கு முந்தைய மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் அதைச் சேர்க்கக் கேட்க வேண்டும். மன்றத்தில் அது படிக்கப்பட்டுத் தீர்மான எண் பெற்ற பின்னரே, மக்களின் ஆவணம் நகராட்சியின் ஆவணமாகிறது.

ஏப்ரல் 14 சரிபார்க்கும் கூட்டமாக அமையலாம். ஏற்கப்பட்டவை எவை, நிதி ஒதுக்கப்பட்டவை எவை, விடுபட்டவை எவை, விடுபட்டதற்குக் காரணம் என்ன என்னும் நான்கு கலங்கள் கொண்ட ஒரு பலகை, பகுதியின் பொது இடத்தில் வைக்கப்பட்டால், அடுத்த செப்டம்பரில் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

கூட்டத்தின் இடமும் நேரமும் இங்கே சிறு விவரங்களல்ல. விசைத்தறித் தொழிலாளர்களும் பூக்கட்டும் பெண்களும் வேலையிலிருக்கும் நேரத்தில் நடக்கும் கூட்டம், அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் பெயரில் முடிவெடுக்கும் கூட்டமாகும். ஒரு சமுதாயத்தின் மடமோ மண்டபமோ கூட்ட இடமானால், மற்றொரு சமுதாயத்தார் வாசலிலேயே நின்றுவிடுவர். நகராட்சிப் பள்ளியும் அங்கன்வாடியும் பொதுவான இடங்கள். பெண்களும், மாற்றுத்திறனாளிகளும், தூய்மைப் பணியாளர்களும், வாடகை வீட்டில் இருப்போரும் தனித்தனியே முதலில் பேசி, பின்னர் பொதுக் கூட்டத்தில் தம் கருத்தைத் தம் பிரதிநிதி வழியாக வைப்பது, உரத்த குரல்களுக்கு இடையே மென்குரல்கள் தொலையாமலிருக்கப் பயன்படும் வழி.

ஆபத்துகள்

முதல் ஆபத்து, ஊர் என்ற பெயரில் ஊரின் ஒரு பகுதியே பேசுவது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் உள்ள மானூரில் கிடைத்த, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கும் முற்பட்டது. சபையில் வரும் எல்லாக் கருத்துகளுக்கும் மறுப்புச் சொல்லிக் குறுக்கிடுவோருக்கும் அவர்களுக்குத் துணை நிற்போருக்கும் அது அபராதம் விதித்தது. கூடிப் பேசுதலுக்கு ஒழுங்கு வேண்டும் என்னும் அறிவு இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்பதற்கு அது சான்று. ஆனால் அதே கல்வெட்டு, நிலமும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே சபையில் இடம் தந்தது. ஒழுங்கு இருந்தும் வாசல் குறுகியதாக இருந்த அந்தச் சபையின் குறை, இன்று சட்டத்தால் நீங்கியிருந்தாலும் நடைமுறையில் திரும்பிவர முடியும். பகுதிப் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படும் இடங்களில் அந்த ஆபத்து கூடுகிறது.

இரண்டாவது, அழகுபடுத்தல் என்ற பெயரில் எளியோர் அகற்றப்படுவது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீர்நிலையைக் காப்பதும் ஊரின் நலனே. எனினும் உரிய அறிவிப்பும், விளக்கம் அளிக்க வாய்ப்பும், மாற்று ஏற்பாடும் பேசப்படாமல், குளக்கரை நடைபாதை என்ற ஒரு வரியை மட்டும் தொலைநோக்கு ஆவணத்தில் எழுதிவிடுவது, அங்கே குடியிருப்போர்மீது ஊரின் பெயரால் விதிக்கப்படும் தண்டனையாக முடியலாம். ஒவ்வொரு இலக்குக்கும் எதிரே, இதனால் இழப்பவர் யார் என்னும் கேள்வியையும் அதற்கான விடையையும் எழுதுவதை விதியாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பங்களிப்பின் பெயரால் வரும் ஏற்றத்தாழ்வு. 1990-களில் தோன்றி 2021-ல் மீண்டும் நகரங்களுக்கு வந்த நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு தருகிறது. பணம் திரட்டக்கூடிய தெருவுக்கு அரசுப் பணமும் சேர்ந்து வரும். திரட்ட முடியாத தெருவுக்கு எதுவும் வராது. ஆகவே குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு போன்ற அடிப்படைத் தேவைகளைப் பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்காமல் நகராட்சியின் சொந்தக் கடமையாகவே கேட்பதும், பூங்கா, படிப்பகம் போன்றவற்றுக்கு மட்டும் பங்களிப்பை நாடுவதும் தக்கது. பங்களிப்புத் தொகையைத் தனிநபர் கையில் கொடுக்காமல், நகராட்சிக்குச் செலுத்தி ரசீது பெறுவது கட்டாயம்.

நான்காவது, ஆவண மோசடி. வருகைப் பதிவேட்டில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பின்னர் தீர்மானம் எழுதுவது பொதுக்கூட்டங்களில் காணப்படும் தீய வழக்கம். கூட்டம் கலையும் முன் தீர்மானங்கள் உரக்கப் படிக்கப்பட வேண்டும். கடைசித் தீர்மானத்தின் கீழே கோடிட்டுக் கையெழுத்திட வேண்டும். பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கெடுப்பு நடத்தும் குடிமக்கள் குழுவினரும், ஆதார் எண், சாதி, வங்கி விவரம் ஆகியவற்றைக் கேட்காமலிருப்பதே முறை; 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவின்றித் தரவு சேர்ப்பதைத் தடுப்பதற்காக வந்தது.

ஐந்தாவது, ஆட்களைச் சார்ந்திருத்தல். 2022-ல் சங்கரன்கோவில் நகர்மன்றத் தலைவர் பதவி சமமான வாக்குகளால் குலுக்கலில் முடிவானது. 2025-ல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் வழியே தலைமை மாறியது. மாநிலம் முழுவதும் 2016 முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இன்றித் தனி அலுவலர்களின் கீழ் இருந்தன. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலமும் 2027 மார்ச்சில் நிறைவடையும். ஒரு தலைவரின் வாய்மொழி உறுதியில் நிற்கும் திட்டம் அவரோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய திட்டத்தை அடுத்து வருபவர் ரத்து செய்யலாமேயொழிய, இருந்ததே இல்லை என்று சொல்ல முடியாது.

தீர்வு வழிகள்

உரிமை மறுக்கப்படும்போது கோபத்தோடு தொடங்காமல் காகிதத்தோடு தொடங்குவது பலன் தரும். பகுதி சபை கூட்டப்படவில்லை என்றால், பலர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை நகராட்சி ஆணையரிடம் தந்து, நாளிட்ட ஏற்புச் சீட்டைப் பெற வேண்டும். பலன் இல்லையெனில் முதல்வரின் உதவி மையத்தை 1100 எண்ணில் அழைத்துப் பதிவு செய்யலாம். தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, இப்பணியில் மிகப் பெரிய துணை. 10 ரூபாய்க் கட்டணத்தோடு நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ, 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்பதைவிட, இன்ன பணியின் மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்த நகல், பணியின் அளவுகள் பதியப்படும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று பெயர் சொல்லி ஆவணங்களைக் கேட்பது பதிலைத் தட்டிக்கழிக்க இடம் தராது. நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் இச்சட்டம் உரிமை தருகிறது. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவற்றோடு தொடர்புடைய உண்மைகளைத் தானாக முன்வந்து வெளியிடும் கடமையையும் அதன் நான்காம் பிரிவு அலுவலகங்கள்மீது வைத்திருக்கிறது.

நிர்வாகக் குறைபாடு ஊழலின் நிறம் பெறும்போது, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் புகார் செய்யலாம். முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது உரிய காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காதவர், பின்னர் அதை எதிர்ப்பதற்கான தம் நிலையைத் தாமே தளர்த்திக்கொள்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எல்லா வழிகளும் அடைபடும்போது, அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவே அதற்கான முதல் வாசல்.

இவை அனைத்தும் தனித்தனி உரிமைகளாகக் கலைந்து கிடக்கும்போது வலுவிழந்து தெரிகின்றன. ஓர் ஊரின் ஒழுங்கான ஆண்டுச் சுழற்சியோடு கோக்கப்படும்போது ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. பகுதி சபையில் பேசியது வார்டு குழுவின் பட்டியலாகி, பட்டியல் மன்றத்தின் பொருளாகி, பொருள் தீர்மானமாகி, தீர்மானம் நிதி ஒதுக்கீடாகி, ஒதுக்கீடு அளவுப் புத்தகத்தில் அளந்து எழுதப்பட்ட பணியாக முடிவது வரை உள்ள படிகளில் ஏதேனும் ஒன்று விடுபட்டாலும், முந்தைய படிகளின் உழைப்பு வீணாகும். ஆகையால் சங்கரன்கோவில் மக்கள் எத்தனை விரிவான தொலைநோக்குத் திட்டத்தை வகுத்தாலும், அது உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் தங்கள் பகுதி சபையில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி மிகச் சுருக்கமானது: தீர்மான எண் என்ன, நாள் என்ன, ஒதுக்கிய தொகை எவ்வளவு?